சால்வர் கேட்கும், கால்பேக் சொல்லும்: வாசகர் கேள்வி–பதில்

நேரியலற்ற உகப்பாக்கம் (நேர்கோட்டில் அடங்காத ஒரு செலவைக் கட்டுப்பாடுகளுக்குள் இயன்ற அளவு குறைப்பது) பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் எழுதியவர்களில் பலர் ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள். அந்த இடம், சால்வருக்கு (விடையைத் தேடித் தரும் ஆயத்த நிரலுக்கு) நாம் எழுதிக் கொடுக்கும் கால்பேக் சார்பு. நீளமான நிரல்களைச் சுருக்கிக் கேள்வியின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

கேள்வி: நான் எழுதிய சார்பை நானே அழைக்காமல் சால்வரிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அது எதற்கு? எத்தனை சார்புகள் எழுத வேண்டும்?
— பாலிடெக்னிக் மாணவர், பட்டர்வொர்த்

தம்பி, வழக்கமாக லைப்ரரியில் இருக்கும் சார்பை நாம் அழைப்போம். அது விடையைத் தரும். இங்கே திசை தலைகீழ். உங்கள் சார்பின் முகவரியை லைப்ரரியிடம் கொடுக்கிறீர்கள். தேவைப்படும்போது அது உங்களைத் திருப்பி அழைக்கிறது. எந்தெந்தப் புள்ளிகளில், எத்தனை முறை கேட்கப்போகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அதற்கும் முன்கூட்டித் தெரியாது. ஒரு விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியை முடிவு செய்கிறது.

சால்வருக்கு உங்கள் தொழிற்சாலையும் தெரியாது, ரிங்கிட் கணக்கும் தெரியாது. ‘மாறிகள் இந்த மதிப்பில் இருந்தால் செலவு எவ்வளவு? எந்தப் பக்கம் நகர்ந்தால் குறையும்? கட்டுப்பாடுகள் எங்கே நிற்கின்றன?’ இவ்வளவுதான் அது கேட்கும். உங்கள் கால்பேக் சொல்வதைத் தவிர அதற்கு வேறு உலகம் கிடையாது. ஆகவே கால்பேக் பொய் சொன்னால், சால்வர் அந்தப் பொய்க்கு மிகச் சரியான விடையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். இந்தப் பக்கத்தில் வரும் மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

எத்தனை எழுத வேண்டும் என்பது லைப்ரரியைப் பொறுத்தது. இங்கே வரும் என்எல்ஆப்ட், ஐ-பி-ஆப்ட், நைட்ரோ மூன்றும் சால்வர் லைப்ரரிகளின் பெயர்கள். என்எல்ஆப்ட்டில் இலக்குக்கு (குறைக்க வேண்டிய செலவுக்கு) ஒரு சார்பு, கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்பு; மதிப்பைத் திருப்பித் தரும் அதே சார்பு சரிவையும் (ஒவ்வொரு மாறியையும் பொறுத்த வகைக்கெழுக்களையும்) நிரப்பித் தர வேண்டும். சரிவு தேவைப்படாத முறை ஓடும்போது சரிவுக்கான இடம் வெறுமையாக வரும். அதைச் சோதிக்காமல் எழுதினால் நிரல் விழும். ஐ-பி-ஆப்ட்டில் தனித்தனி: இலக்குக்கு ஈவேல்_எஃப், அதன் சரிவுக்கு ஈவேல்_கிராட்_எஃப், கட்டுப்பாடுகளுக்கு ஈவேல்_ஜி, அவற்றின் முதல் வகைக்கெழு அணியான ஜக்கோபியனுக்கு ஈவேல்_ஜாக்_ஜி, இரண்டாம் வகைக்கெழு அணியான ஹெசியனுக்கு ஈவேல்_ஹெச். கடைசியானதை எழுத முடியாவிட்டால் ஹெசியன்_அப்ராக்சிமேஷன் என்ற தெரிவை லிமிடெட்-மெமரி என வைத்துவிட்டால் சால்வரே தோராயமாகக் கட்டிக்கொள்ளும். முதல் முயற்சிக்கு அதுவே போதும்.

நைட்ரோவில் ஒரு நல்ல வசதி உண்டு. நேரியல் பகுதியையும் இருபடிப் பகுதியையும் நேரடியாகக் கெழுக்களாகக் கொடுத்துவிட்டு, எஞ்சிய நேரியலற்ற பகுதிக்கு மட்டும் கால்பேக் எழுதலாம். ஆனால் நைட்ரோ இரண்டையும் கூட்டிக்கொள்ளும். கெழுவாகக் கொடுத்த உறுப்பைக் கால்பேக்குக்குள்ளும் எழுதினால் அது இரண்டு முறை எண்ணப்படும். எந்த எச்சரிக்கையும் வராது.

கேள்வி: சால்வர் முதல் சில சுற்றுகள் நன்றாக இறங்குகிறது. பிறகு படியின் நீளம் குறைந்துகொண்டே போய் நின்றுவிடுகிறது. தொடக்கப் புள்ளியை மாற்றினாலும் அதே கதை. சால்வரை மாற்றலாமா?
— பொறியியல் மாணவி, நிபோங் தெபால்

சால்வரைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி, இலக்குச் சார்பும் சரிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு உரியது. ‘இந்தப் பக்கம் போனால் குறையும்’ என்று சரிவு சொல்கிறது. போய்ப் பார்த்தால் இலக்கு ஏறியிருக்கிறது. படியைப் பாதியாக்கிப் பார்க்கிறது, மீண்டும் பாதியாக்குகிறது. எவ்வளவு சுருக்கினாலும் இறங்கவில்லை. அங்கேதான் நிற்கிறது.

ஹாக்–ஷிட்கோவ்ஸ்கி சோதனைத் தொகுப்பின் 71-ஆம் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐ-பி-ஆப்ட்டின் பயிற்சிப் பகுதியிலும் இதே கணக்குத்தான் இருக்கிறது. நான்கு மாறிகள்: அ, ஆ, இ, ஈ. ஒவ்வொன்றும் 1-இலிருந்து 5-க்குள். குறைக்க வேண்டியது அ × ஈ × (அ + ஆ + இ) + இ. நான்கின் பெருக்கல் 25-க்குக் குறையக்கூடாது. வர்க்கங்களின் கூட்டல் சரியாக 40. தொடக்கப் புள்ளி (1, 5, 5, 1).

அந்தப் புள்ளியில் இலக்கின் மதிப்பு 16. அ-வைப் பொறுத்த வகைக்கெழு என்ன? அவசரத்தில் அடைப்புக்குள் இருக்கும் அ-வை மறந்துவிட்டு ஈ × (அ + ஆ + இ) என்று எழுதிவிடுவார்கள், 11 வரும். சரியானது ஈ × (2அ + ஆ + இ), அதாவது 12. எது சரி என்று பார்க்கப் புத்தகமே வேண்டாம். அ-வை 1.000001 ஆக்கி இலக்கைக் கணக்கிடுங்கள்: 16.000012000001. பழைய 16-ஐக் கழித்து 0.000001-ஆல் வகுத்தால் 12.000001. ஆக 11 தவறு. மற்ற மூன்று வகைக்கெழுக்கள் 1, 2, 11. நான்கையும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க உதவும்.

இதைச் சால்வரே செய்து தரும். ஐ-பி-ஆப்ட்டில் டெரிவேட்டிவ்_டெஸ்ட் என்ற தெரிவை ஃபர்ஸ்ட்-ஆர்டர் என வையுங்கள். ஹெசியனும் எழுதியிருந்தால் செகண்ட்-ஆர்டர். தவறான உறுப்பின் வரியில் நட்சத்திரக்குறி போட்டு, நீங்கள் கொடுத்த மதிப்பையும் தான் கண்ட மதிப்பையும் அருகருகே காட்டும். நைட்ரோவில் டெரிவ்செக். சோதனை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் வீணாக நேரம் தின்னும்.

முதல் வகைக்கெழு சரியாக இருந்தும் இரண்டாவதில் தவறினால், ஈவேல்_ஹெச்சில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஹெசியன் சமச்சீர் அணி என்பதால் கீழ்முக்கோணத்தை மட்டுமே கொடுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 16 உறுப்புகள் அல்ல, 10. அடுத்து, இலக்கின் பகுதியை ஆப்ஜ்_ஃபாக்டர் என்று வரும் எண்ணால் பெருக்க வேண்டும். அது எப்போதும் 1 அல்ல, சில கட்டங்களில் 0-ஆகவும் வரும். மூன்றாவது, எந்தெந்த இடங்களில் உறுப்பு வரலாம் என்ற வரைவைத் தொடக்கப் புள்ளியின் மதிப்புகளைப் பார்த்துத் தயாரிப்பது. அந்தப் புள்ளியில் தற்செயலாக 0-ஆக இருந்த உறுப்பு வரைவிலிருந்தே விடுபட்டுவிடும். ஐ-பி-ஆப்ட் வரைவை ஒரே முறைதான் கேட்கும். அப்போது கொடுத்ததே கடைசிவரை.

பைத்தானில் என்எல்ஆப்ட் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. சரிவு அணிவரிசைக்குள் எண்களை நிரப்ப வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்பும் முக்காற்புள்ளியும் போட்டு எழுதுவது அதற்குத்தான். அவை இல்லாமல் சமக்குறி போட்டால் அந்தப் பெயர் வேறோர் அணிவரிசையைச் சுட்டத் தொடங்கும்; சால்வர் கையில் இருப்பது மாறாமலே கிடக்கும். சூத்திரம் சரி, சோதனையும் சரி, விடை மட்டும் தப்பு என்று நாட்களைத் தின்னும் பிழை இது.

கேள்வி: மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசை உருக்கி ஒட்டும் எங்கள் ரிஃப்ளோ அடுப்பில் 8 வெப்ப மண்டலங்கள். அவற்றின் வெப்பநிலையும் பெல்ட்டின் வேகமும் சேர்த்து 9 மாறிகள். பெல்ட் வேகத்தைக் கூட்ட வேண்டும். பலகையின் உச்ச வெப்பம் 245 டிகிரியைத் தாண்டக்கூடாது. 217 டிகிரிக்கு மேல் 45 முதல் 90 வினாடி இருக்க வேண்டும். சிமுலேஷனைக் கால்பேக்குக்குள் வைத்து, சரிவைச் சால்வரே வேறுபாட்டு முறையில் (மாறியைச் சிறிது அசைத்து, மதிப்பின் மாற்றத்தை அசைவால் வகுத்து) எடுக்க விட்டோம். முதல் சுற்றிலேயே ‘முடிந்தது’ என்கிறது. அல்லது தறிகெட்டு ஓடுகிறது.
— உற்பத்திப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

உங்கள் கடிதத்தோடு வந்த நிரலில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று முதல் சுற்றிலேயே நிறுத்துகிறது, மற்றது தறிகெட வைக்கிறது.

முதலாவது: 217-க்கு மேல் இருந்த நேரத்தை நீங்கள் எண்ணித்தான் எடுக்கிறீர்கள். அரை வினாடிக்கு ஒரு மாதிரி. 217-ஐத் தாண்டிய மாதிரிகள் எத்தனை, அதை 0.5-ஆல் பெருக்கு. மனிதக் கண்ணுக்கு இது சரியாகத்தான் தெரியும். ஆனால் சால்வர் மாறியை ஏழாவது எட்டாவது தசம இடத்தில் அசைத்துப் பார்க்கிறது. அந்த அசைவில் எந்த மாதிரியும் 217-ஐப் புதிதாகத் தாண்டாது, எண்ணிக்கை மாறாது, வேறுபாடு 0. ‘இந்தக் கட்டுப்பாட்டை எதுவும் பாதிக்கவில்லை’ என்று சால்வர் நம்பிவிடுகிறது. நீங்கள் அதன் முன் வைத்தது சரிவுப்பாதை அல்ல, படிக்கட்டு. படியின் நடுவில் நின்றால் தரை சமமாகத்தான் இருக்கும்.

சரிசெய்வது எளிது. தாண்டும் கணத்தை இரு மாதிரிகளுக்கு நடுவே இடைக்கணிப்பு செய்யுங்கள். ஒரு மாதிரி 216.4, அடுத்தது 217.8 என்றால், இடைவெளி 1.4, 217-க்குத் தேவை 0.6. 0.6 ÷ 1.4 × 0.5 = 0.214 வினாடி. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை இப்படிக் கண்டு, இரண்டின் வித்தியாசத்தைக் கொடுங்கள். இப்போது வெப்பநிலை துளி மாறினாலும் நேரம் துளி மாறும்.

உச்ச வெப்பத்தையும் ‘எல்லாவற்றிலும் பெரியது’ என்று ஒரே எண்ணாக எடுக்காதீர்கள். உச்சம் ஒரு மாதிரியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் வளைவு முறியும். அதற்குப் பதில் கடைசி மண்டலங்களில் உள்ள ஒவ்வொரு மாதிரியும் 245-க்குள் இருக்க வேண்டும் என்று தனித்தனிக் கட்டுப்பாடாக வையுங்கள். நூறு கட்டுப்பாடுகள் ஆகிறதே என்று தயங்க வேண்டாம். ஒழுங்கான நூறு, முறிந்த ஒன்றைவிட இந்தச் சால்வர்களுக்கு மிக எளிது.

இரண்டாவது கோளாறு நுட்பமானது. உங்கள் சிமுலேஷன் காலப்படியைத் தானே தேர்ந்தெடுக்கும் வகை. மாறி இம்மியளவு அசைந்தாலும் படிகளின் எண்ணிக்கை மாறி, விடையில் சிறு இரைச்சல் சேர்கிறது. விடை ஆறாவது தசம இடத்தில் ஆடுகிறது என்று வையுங்கள், அதாவது 10⁻⁶. முன்னோக்கு வேறுபாட்டுக்கு வழக்கமான அசைவு ஏறத்தாழ 1.5 × 10⁻⁸. இரைச்சலை அசைவால் வகுத்துப் பாருங்கள்: 10⁻⁶ ÷ (1.5 × 10⁻⁸) = சுமார் 67. மண்டல வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் பலகை ஒரு டிகிரிகூட ஏறாது. உண்மைச் சரிவு 0-க்கும் 1-க்கும் நடுவில். அதன்மேல் 67 அளவுக்கு இரைச்சல் ஏறினால் உண்மையின் சுவடே இருக்காது.

வழி என்ன? காலப்படியைக் கட்டாயமாக ஒரே அளவில் வைப்பது முதல் வழி. எங்கள் பார்வையில் அதுவே சிறந்தது. விடையில் பிழை இருந்தாலும், எல்லாப் புள்ளிகளிலும் ஒரே மாதிரி வழுவழுப்பான பிழையாக இருக்கும். முடியாவிட்டால் சிமுலேஷனின் பிழை வரம்பை 10⁻¹⁰ அளவுக்கு இறுக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் அசைவைப் பெரிதாக்குங்கள்: மாறிகளை 1-ஐ ஒட்டிய அளவுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, இரைச்சலின் வர்க்கமூலத்தை அசைவாக எடுப்பது நல்ல கணக்கு. 10⁻⁶-க்கு 10⁻³. சரிவில் அப்போதும் மூன்றாவது தசமத்தில் பிழை இருக்கும், ஆனால் திசை கெடாது. சால்வரின் முடிவு வரம்பையும் அதற்கேற்பத் தளர்த்துங்கள். ஐ-பி-ஆப்ட்டின் இயல்பு வரம்பு 10⁻⁸. இந்தச் சரிவைக் கொண்டு அங்கே போய்ச் சேரவே முடியாது.

செலவையும் கணக்கில் வையுங்கள். 9 மாறிக்கு ஒவ்வொரு சரிவுக்கும் 10 சிமுலேஷன். ஒன்றுக்கு 6 வினாடி என்றால் ஒரு சரிவுக்கு ஒரு நிமிடம். காஸ்ஆடி, ஜாக்ஸ் போன்ற தானியங்கி வகைக்கெழுக் கருவிகளில் சிமுலேஷனைத் திருப்பி எழுதினால் இந்தத் தலைவலி முழுதும் தீரும். எழுதுவதற்கு ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: மேல் எல்லை இல்லாத மாறிக்கு 10¹⁵ என்று கொடுத்தேன். சால்வர் ஏன் மந்தமாகிறது?
— வாசகர், கெப்போங்

ஐ-பி-ஆப்ட் 10¹⁹-ஐயும் அதற்கு மேலும்தான் ‘எல்லை இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். 10¹⁵ அதற்கு நிஜமான எல்லை. அதிலிருந்து விலகி நிற்கவும் கணக்குப் போடும். 2 × 10¹⁹ என்று கொடுங்கள்.

கேள்வி: குழாய்ப் பிணையத்தில் நீரோட்டத்தைக் கணக்கிட இரு முனைகளின் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலம் வருகிறது. சில நேரம் வித்தியாசம் எதிர்மறையாகிக் கணக்கு உடைகிறது. அப்போது கால்பேக்கில் 10¹⁰ என்ற பெரிய எண்ணைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் அழுத்தம் இரண்டாவதைவிடக் குறையக்கூடாது என்று கட்டுப்பாடும் வைத்திருக்கிறேன். ஆனாலும் எதிர்மறை வருகிறதே?
— வாசகர், பிறை

பெரிய எண்ணைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை இன்றே விடுங்கள். சால்வருக்கு அது ‘கணக்கிட முடியவில்லை’ என்ற செய்தி அல்ல. ‘இங்கே செங்குத்தான மலை இருக்கிறது’ என்ற செய்தி. ஹெசியனைத் தோராயமாகக் கட்டும் முறைகள், அடுத்தடுத்த சரிவுகளின் வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன. இல்லாத மலையின் தடம் அந்த நினைவில் பதிந்தால் பல சுற்றுகளுக்குப் படிகளைக் கெடுக்கும்.

கணக்கிட முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்ல வழி இருக்கிறது. ஐ-பி-ஆப்ட்டின் ஈவேல் சார்புகள் ஃபால்ஸ் என்று திருப்பி அனுப்பினால், சோதனைப் படியைச் சுருக்கி மீண்டும் முயலும். நைட்ரோவில் மதிப்பீட்டுப் பிழைக்கு என்றே ஒரு குறியீடு உண்டு. ஆனால் தொடக்கப் புள்ளியிலேயே தவறினால் பின்வாங்க இடமில்லை, சால்வர் நின்றுவிடும். தொடக்கத்தை முதலில் கையால் ஓட்டிப் பாருங்கள்.

இனிக் கட்டுப்பாடு. கட்டுப்பாடுகள் முடிவில்தான் நிறைவேற வேண்டும். வழியில் எத்தனை முறை வேண்டுமானாலும் மீறப்படலாம். இந்த முறைகள் இயங்குவதே அப்படித்தான். எல்லைகளுக்கு உள்ளேயே நகரும் உட்புள்ளி முறையில் வழியெங்கும் மதிக்கப்படுவது மாறியின் மேல் நேரடியாகப் போட்ட எல்லை மட்டுமே. ஆகவே வித்தியாசத்துக்கு என்று ஒரு புதிய மாறியைக் கொண்டு வாருங்கள். வி = அழுத்தம்1 − அழுத்தம்2 என்பதைச் சமன் கட்டுப்பாடாக வையுங்கள். வி-க்கு 0.01 போன்ற கீழ் எல்லை கொடுங்கள். வர்க்கமூலத்தை வி-யிலிருந்து எடுங்கள். சுற்றுகளின் நடுவே சமன்பாடு நிறைவேறாமல் இருக்கலாம், ஆனால் வர்க்கமூலம் ஒருபோதும் உடையாது.

கீழ் எல்லையை 0 என்று வைக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் முன்பே சொல்லிவிடுகிறோம். ஐ-பி-ஆப்ட் எல்லைகளை இயல்பாகவே 10⁻⁸ அளவில் தளர்த்திக்கொள்ளும். 0 என்று வைத்தால் −0.00000001 வரை போய்ப் பார்க்க இடமுண்டு. அங்கே வர்க்கமூலம் ‘எண் அல்ல’ என்றாகும். தவிர, 0-வில் வர்க்கமூலத்தின் சரிவு முடிவிலி.

கேள்வி: அலுவலகக் கட்டடத்தின் மூன்று சில்லர்களின் (குளிரூட்டலுக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களின்) மின்செலவைக் குறைக்க ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். சுமை 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஒரு சில்லரை அணைக்கும்படி கால்பேக்குக்குள் ‘இஃப்’ போட்டிருக்கிறேன். விடை தொடக்கப் புள்ளிக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது.
— கட்டடப் பராமரிப்புப் பொறியாளர், ஜாலான் அம்பாங், கோலாலம்பூர்

அந்த ‘இஃப்’ ஒரு பள்ளம். 40-க்கு இந்தப் பக்கம் ஒரு செலவு, அந்தப் பக்கம் வேறு செலவு. நடுவில் சாய்வே இல்லாத வெட்டு. சரிவைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சால்வர் அந்த வெட்டைத் தாண்டி அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. தொடங்கிய பக்கத்திலேயே முடிகிறது.

அணைப்பதா ஓட்டுவதா என்ற முடிவைக் கால்பேக்கிலிருந்து வெளியே எடுங்கள். மூன்றும் ஒரே வகை என்றால் ஒன்று ஓடும்போது, இரண்டு ஓடும்போது, மூன்றும் ஓடும்போது என மூன்று தனிக் கணக்குகள். அளவு வேறுவேறு என்றால் 7 சேர்க்கைகள். ஒவ்வொன்றிலும் ஓடும் சில்லரின் குறைந்தபட்சச் சுமையை மாறியின் எல்லையாக வைத்துத் தனியே தீர்த்து, செலவு குறைந்ததை எடுங்கள். ஏழு கணக்குதான், ஆம்/இல்லை முடிவுகளையும் சேர்த்துத் தீர்க்கும் கலப்பு முழுஎண் சால்வர் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் சில்லர் திறன் அட்டவணையையும் கவனியுங்கள். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் கோடு முறிகிறது. கனவகை ஸ்ப்ளைன் (புள்ளிகளை முறிவின்றி இணைக்கும் வளைவு) அல்லது பொருந்தும் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொள்ளுங்கள். விசிறி, பம்பு ஆகியவற்றுக்கு வேகத்தின் மும்மடி விதி நன்றாகவே பொருந்தும், அது வழுவழுப்பானதும்கூட. வேகத்தை 80 விழுக்காடாக்கினால் மின்சாரம் 51 விழுக்காடு.

கேள்வி: இலக்கின் மதிப்பு குறைந்துவருவதை வரைபடமாகக் காட்ட, ஈவேல்_எஃப்புக்குள்ளேயே மதிப்பைச் சேமித்தேன். ரம்பப் பல்போல ஏறி இறங்குகிறது. நேரத்தை மிச்சப்படுத்த, புள்ளி புதிதா எனச் சால்வர் சொல்லும் நியூ_எக்ஸ் கொடியைப் பார்த்துப் பழைய சிமுலேஷனை மீண்டும் பயன்படுத்தியதும் விடையே கெட்டுவிட்டது.
— மென்பொருளாளர், செந்தூல்

ஒரு சுற்றுக்குள் ஈவேல்_எஃப் பலமுறை அழைக்கப்படும். நிராகரிக்கப்பட்ட சோதனைப் படிகளும் அதில் அடங்கும். நீங்கள் வரைந்தது அவற்றையும் சேர்த்து. சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரும் கால்பேக் வேறு: ஐ-பி-ஆப்ட்டில் இன்டர்மீடியட்_கால்பேக், நைட்ரோவில் புதுப்புள்ளிக் கால்பேக், பைத்தானின் சைபை லைப்ரரியில் கால்பேக் என்றே பெயருள்ள அளவுரு. வரைபடம், பதிவேடு, நேரக் கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். ஐ-பி-ஆப்ட்டின் 3.14-ஆம் பதிப்பிலிருந்து அந்த இடத்திலேயே நடப்புப் புள்ளியைக் கேட்டு வாங்கலாம். அங்கே ஃபால்ஸ் அனுப்பினால் பயனர் கேட்டு நிறுத்தியதாகக் குறித்து நின்றுவிடும். சைபையில் 1.11-ஆம் பதிப்பிலிருந்து பெரும்பாலான முறைகளில் ஸ்டாப்இட்டரேஷன் எழுப்பி நிறுத்தலாம்.

பாதியில் நிறுத்தினால் இலக்கை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். இன்ஃப்_பிஆர் என்ற எண் கட்டுப்பாடுகள் எவ்வளவு மீறப்பட்டிருக்கின்றன என்று சொல்லும். செலவு மலிவாகத் தெரியும் பல இடைப்புள்ளிகள் மீறலின் புண்ணியத்தில் மலிவானவை. மீறல் குறையும்போது இலக்கு ஏறுவது இயல்பு.

நியூ_எக்ஸ் விஷயத்தில் மிகப் பலர் விழுந்திருக்கிறார்கள். அது ஃபால்ஸ் என்று வந்தால், இதற்கு முந்தைய ஈவேல் அழைப்பில், அது எந்த ஈவேல் சார்பாக இருந்தாலும், இதே புள்ளிதான் இருந்தது என்று பொருள். ‘இந்தச் சார்பை இதற்குமுன் அழைத்தபோது’ என்று பொருளல்ல. நீங்கள் ஈவேல்_எஃப்பில் மட்டும் அதைப் பார்க்கிறீர்கள். சால்வர் புதிய புள்ளியோடு முதலில் ஈவேல்_ஜியை அழைத்தால் ட்ரூ அங்கே போய்விடும். அடுத்து ஈவேல்_எஃப்புக்கு ஃபால்ஸ் வரும். நீங்கள் பழைய புள்ளியின் சிமுலேஷனை எடுத்துக் கொடுப்பீர்கள். எல்லா ஈவேல் சார்புகளும் தொடக்கத்தில் ஒரே புதுப்பிப்புச் சார்பை அழைக்கட்டும். நியூ_எக்ஸ் பார்ப்பது, சிமுலேஷனை ஓட்டுவது, சேமிப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

சைஐ-பி-ஆப்ட் போன்ற பைத்தான் வழியில் இந்தக் கொடி கைக்கு வராது. அங்கே கடைசிப் புள்ளியின் நகலை வைத்துக்கொண்டு, வரும் புள்ளியோடு ஒப்பிடுங்கள். நகல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். சால்வர் தரும் அணிவரிசையை அப்படியே சேமித்தால், சால்வர் அதே இடத்தில் புது எண்களை எழுதினால் நீங்கள் சேமித்ததும் மாறும். எந்தப் புள்ளியை ஒப்பிட்டாலும் ‘அதேதான்’ என்று வரும்.

கேள்வி: சி லைப்ரரி ஒன்றைப் பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி நிரலைப் பைத்தானோடு இணைக்கும் கருவி) வழியாக அழைக்கிறோம். சில நிமிடம் ஓடிய பிறகு எந்தச் செய்தியும் இல்லாமல் நிரல் விழுகிறது. வேறு சில நேரம் பிழைச்செய்தி திரையில் ஓடினாலும் சால்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பல தொடக்கப் புள்ளிகளை இணையாக ஓட்டும்போது இது அதிகம்.
— இரு வாசகர்கள், செராஸ்

மூன்று காரணங்களும் ஒன்றாக வந்திருக்கின்றன.

சத்தமில்லாமல் விழுவது: சிடைப்ஸில் கட்டிய கால்பேக் பொருளை லைப்ரரியிடம் கொடுத்த வரியிலேயே உருவாக்கியிருக்கிறீர்கள், அதற்குப் பெயர் எதுவும் இல்லை. பைத்தானுக்கு அது யாருக்கும் வேண்டாத பொருள், ஆகவே நினைவகத்திலிருந்து நீக்கிவிடுகிறது. சி பக்கம் பழைய முகவரியை அழைக்கிறது. சால்வர் ஓடி முடியும் வரை உயிரோடிருக்கும் ஒரு மாறியில் அந்தப் பொருளைப் பிடித்து வையுங்கள்.

பிழைச்செய்தி வந்தும் ஓடுவது: கால்பேக்குக்குள் எழும் பைத்தான் விதிவிலக்கு சி எல்லையைத் தாண்டாது. செய்தி அச்சாகும், அவ்வளவுதான். சால்வருக்குக் கிடைக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. 0 போய்ச் சேர்ந்தால் பல லைப்ரரிகளில் அது ‘வெற்றி’ என்ற குறியீடு. எனவே கால்பேக்கின் உடல் முழுவதையும் ட்ரைக்குள் வையுங்கள். எக்செப்ட்டில் விதிவிலக்கை ஒரு மாறியில் சேமித்து, லைப்ரரி கேட்கும் பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்புங்கள். சால்வர் திரும்பி வந்ததும் சேமித்ததை மீண்டும் எழுப்புங்கள். சி++-இல் எழுதுவோருக்கும் இதே விதி: சி லைப்ரரியின் ஊடாக விதிவிலக்கைப் பறக்க விடக்கூடாது.

இணையாக ஓட்டும்போது: உங்கள் சிமுலேஷன் முடிவுகள் ஒரே பொது மாறியில் இருக்கின்றன. ஓர் இழை (ஒரே நேரத்தில் ஓடும் ஓட்டங்களில் ஒன்று) எழுதியதை இன்னொன்று வாசிக்கிறது. பயனர் தரவுக்கு என்று கால்பேக்கோடு ஒரு சுட்டி வருவது இதற்காகத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிப் பெட்டி ஒன்றைக் கட்டி, நகல், சேமிப்பு, எண்ணிக்கை, பதிவுக் கோப்பின் பெயர் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து அந்தச் சுட்டி வழியாக அனுப்புங்கள். சிமுலேஷன் தற்காலிகக் கோப்பு எழுதும் வகை என்றால் கோப்பின் பெயரும் பெட்டிக்குப் பெட்டி வேறாக இருக்கட்டும். மாற்றியபின் ஒரே தொடக்கப் புள்ளியை முதலில் ஓர் இழையிலும் பிறகு நான்கு இழைகளிலும் ஓட்டி, ஐந்து பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சுற்று எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் ஏதோ ஒரு மாறி இன்னும் பொதுவாகக் கிடக்கிறது.